பனிமானின் நிறம்

ராத்திரி பத்தரை.
கெமியில் ஜூலைச் சூரியன்
எழுந்து போக மனமில்லாத விருந்தாளி.
இருக்கட்டும், விளக்குச் செலவு மிச்சம்.

முதலில் குளிப்பாட்டினேன்.
சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகெடுக்கும் திரவம்,
ஒரு துணியால் பூசி, மறு துணியால் துடைத்து.
பிசுக்கோடு தேய்த்தால்
பிசுக்கைத் தகரத்துக்கே ஊட்டிவிடுவீர்கள் என்று
கடைப் பையன் யூஸோ இரண்டு முறை சொன்னான்.
மூன்றாம் முறை வாயெடுத்தபோது,
தாள் ஆலையில் முப்பத்தோரு வருடம்
உருளை துடைத்தவள் நான் என்றேன்.
சில்லறையைக் கொடுத்தான்.

சக்கர வளைவில் துரு.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்;
இருபத்திரண்டு குளிர்காலம்
சாலை உப்பைத் தின்ற கொரோலா இது,
குடித்திருக்கிறது,
கதவடியில் சுண்டுவிரல் போகும் அளவுக்கு.
உப்பு தின்றதை உப்புத்தாள்தான் தின்னவேண்டும்.
எண்பதாம் எண். பிறகு நூற்றெண்பது.
பச்சை, சாம்பல், வெளுத்த பழுப்பு,
நடுவில் சட்டென்று தகரம்:
கோடையில் வற்றிய குளத்தின் கரைகள்.
படிக்கட்டு தட்டுப்படக்கூடாது.
கண்ணுக்கு வழவழப்பாய்த் தெரியும், நம்பாதே.
கண்ணை மூடி உள்ளங்கையால் தடவு.
கை பொய் சொல்லாது.

இடப்பக்கப் பின்கதவில்
கை நின்றது.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து காந்தத்தைக் கொண்டுவந்தேன்,
தாலினில் வாங்கியது, கப்பல் வடிவம்.
முன்கதவில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது.
பின்கதவில் வழுக்கிக்கொண்டே இறங்கி
என் செருப்பின் மேல் விழுந்தது.
உள்ளே தகரமில்லை, பட்டி.
விரற்கடை கனம்.

அந்த வருடம் இல்போ சொன்னது நினைவிருக்கிறது:
ரோவனியேமி சாலை, பனிமூட்டம், ஒரு பனிமான்.
சாகவில்லை, எழுந்து காட்டுக்குள் போய்விட்டது என்று
கண்கூடக் கலங்கினார்.
சால்மன் சூப் வைத்துக் கொடுத்தேன்.
கார் ஒரு வாரம் அவர் நண்பன் கொட்டகையில் நின்றது.

பட்டி இளஞ்சிவப்பு மாவாய் உதிர்ந்தது.
மூக்கில், புருவத்தில், காபிக் குவளையில்.
அதற்கடியில், இடுப்பு உயரத்தில்,
ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள்.
ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல நேராக.

பனிமானுக்கு ஏது மஞ்சள் பெயின்ட்?

இந்த ஊரில் மஞ்சள் மூன்று.
தபால் பெட்டி, அது இவ்வளவு உயரமில்லை.
மழலைப் பள்ளி வேலி, அது மரம்.
பிறகு ஹில்க்காவின் கொட்டகைக் கதவு,
அவள் ஔலுவுக்குப் போய் எட்டு வருடம்.

குந்தி உட்கார்ந்திருந்தேன்.
முழங்கால் மரத்தது.
அப்படியே விட்டு மேலே பூசலாமா என்றால்,
பிரைமருக்கு நியாயம் தெரியாது,
பிடிமானம்தான் தெரியும்.
பழைய பெயின்டின் பொருக்கு மேல் நிற்காது,
அடுத்த குளிருக்குள் உரிந்துவிடும்.
தேய்த்தேன். பன்னிரண்டு இழுப்பு.
எண்ணினேன்.
கையுறை நுனியில் மஞ்சள் பொடி.
கொஞ்ச நேரம் துடைக்கவில்லை.

சௌனாவிலிருந்து துண்டோடு வந்தார் இல்போ,
கக்கத்தில் பழைய செய்தித்தாள்,
மணிக்கட்டில் வளையலாய் ஒட்டுநாடா.
கண்ணாடிகளை மூட உதவுகிறாராம்.
விலைப்பட்டியல் பக்கமும் மரண அறிவிப்பும்
ஜன்னலில் ஏறின.
ஓரத்தை நகத்தால் அழுத்தி அழுத்தி,
அந்த வேலையில் மனிதர் சுத்தம்.

இல்போ, பனிமானுக்குக் கொம்பு என்ன நிறம்?

நாடா கிழிகிற சத்தம் பாதியில் நின்றது.
ஆற்றுப்பக்கம் ஒரு நாய் குரைத்து முடித்தது.
'எந்தப் பனிமான்?' என்றார்.
பிறகு நாடா மிச்சத்துக்கும் கிழிந்தது.

தரையை நனைத்தேன், தூசி எழாமலிருக்க.
ஒட்டுத்துணியால் ஒருமுறை,
மேலிருந்து கீழ், அழுத்தாமல்.
டப்பாவைக் குலுக்கினேன், உள்ளே குண்டு உருண்டது.
முதல் பூச்சு மெல்லிசு, மூடுபனி அளவு.
கதவு சாம்பலாயிற்று,
எதுவும் நடக்காத கதவு.

அதன் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது ஒரு கொசு,
ஆறு காலையும் பரப்பி.
இல்போ கையை நீட்டினார்.

தொடாதீர்கள், ஈரம்.
காயட்டும்.
காலையில் அறுநூறாம் எண் தாளும்
ஒரு வாளித் தண்ணீரும் இருக்கிறது
என்றேன்,
கொசுவைப் பார்த்தபடி.